டேட்டாபேஸில் தேதி வாலிடேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபார்ம் எழுதுபவர்கள், ரிப்போர்ட் எடுப்பவர்கள், பழைய டேட்டாவை மைக்ரேட் செய்பவர்கள் என்று பலரும் தேதி வாலிடேஷன் (உள்ளே வரும் தேதி செல்லுமா என்று சரிபார்ப்பது) பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் ஆகிய ஐந்து டேட்டாபேஸ்களும் தேதி விஷயத்தில் ஆளுக்கொரு குணம் கொண்டவை. அதனால் எங்கே வேறுபடுகிறதோ அங்கே பெயர் சொல்லியே எழுதியிருக்கிறோம். எரர் கொடுத்து நிற்கும் தேதியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சத்தமே இல்லாமல் உள்ளே போய் வேறு நாளாக உட்கார்ந்துகொள்ளும் தேதிதான் ஆபத்து. கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் அதைப் பிடிப்பது பற்றியவை.

தேதியை சாதாரண டெக்ஸ்ட் ஃபீல்டிலேயே வெச்சா என்ன? எப்படியும் ஸ்கிரீன்ல அப்படியேதானே காட்டப்போறோம்?

முதல் அடி வரிசைப்படுத்தும்போது விழும். 05/11/2023, 12/02/2022 இரண்டையும் டெக்ஸ்டாக வைத்து வரிசைப்படுத்தினால் 2023-ஆம் ஆண்டு தேதி முன்னால் வரும். ஏனென்றால் ஒப்பீடு '0', '1' என்ற முதல் எழுத்திலேயே முடிந்துவிடுகிறது. "கடந்த 30 நாள்" என்று ஒரு க்வெரி எழுத ஒவ்வொரு வரியையும் தேதியாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால், தேடலை வேகப்படுத்தும் சாதாரண இன்டெக்ஸும் உதவாது.

இரண்டாவது, டெக்ஸ்ட் ஃபீல்டு எதற்கும் மறுப்புச் சொல்லாது. 31/02/2024, '-', 'தெரியாது', முன்னால் ஒரு ஸ்பேஸோடு வரும் தேதி, எல்லாம் உள்ளே போகும். ஆறு மாதம் கழித்து டேட் வகைக்கு மாற்ற முயலும்போதுதான் அந்தக் குப்பை தெரியவரும். இடமும் மிச்சமில்லை: டேட் வகைக்கு மைஎஸ்க்யூஎல்-இல் 3 பைட், போஸ்ட்கிரெஸில் 4 பைட் போதும், டெக்ஸ்டுக்குக் குறைந்தது 10.

டேட்டாபேஸ் தேதியை எந்த ஃபார்மேட்ல சேமிக்குது? நாள்-மாதம்-ஆண்டுன்னு மாத்த முடியுமா?

டேட் வகைக்குள் ஃபார்மேட் என்று எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது ஓர் எண் அல்லது சில பைட்டுகள். நீங்கள் பார்ப்பது, க்ளையன்ட் மென்பொருள் அதை உங்களுக்குக் காட்டும் விதம். ஆகவே மாற்ற வேண்டியது காட்டும் இடத்தில்.

உள்ளே அனுப்பும்போது 2024-03-05 போல ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் அனுப்புங்கள். ஐஎஸ்ஓ 8601 தரம் 1988-இல் முதலில் வந்தபோதே வகுத்த வரிசை இதுதான். இதில் ஒரே ஒரு முள் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகையில், லாகின் மொழி பிரிட்டிஷ் இங்கிலீஷ் போல நாளை முன்னால் வைக்கும் மொழியாக இருந்தால், 2024-03-05 என்பதை அது மே 3 என்று படிக்கும். டேட், டேட்டைம்2 வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. பழைய வகையோடுதான் காலம் தள்ள வேண்டுமென்றால் கோடே இல்லாமல் 20240305 என்று அனுப்புங்கள். எந்த மொழி செட்டிங்கிலும் அது மாறாது.

எல்லாவற்றையும்விட மேல், தேதியை ஸ்ட்ரிங்காக ஒட்டி க்வெரி கட்டாமல், டேட் வகை பாராமீட்டராகவே டிரைவருக்குக் கொடுப்பது. இந்தக் கேள்வியே அப்போது எழாது.

யூசர் 05/03/2024-னு அடிச்சா அது மார்ச் 5-ஆ, மே 3-ஆ? புரோகிராமால கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. எவ்வளவு கெட்டிக்கார லைப்ரரியும் ஊகிக்கத்தான் செய்யும். ஒரு வருடத்தில் நாளும் மாதமும் இரண்டுமே 12-க்குள் இருக்கும் தேதிகள் 144. அதில் 01/01, 02/02 போன்ற 12 தேதிகளைத் திருப்பிப் போட்டாலும் அதுவேதான். மீதி 132 நாள்களில் வரிசை மாறினால் வேறொரு செல்லுபடியாகும் தேதி கிடைக்கும், எந்த வாலிடேஷனும் அதைப் பிடிக்காது.

எனவே குழப்பத்தை வாசலிலேயே தீர்க்க வேண்டும். பிரவுசரின் தேதி இன்புட்டைப் பயன்படுத்தினால், திரையில் அது எந்த வரிசையில் காட்டினாலும் சர்வருக்கு வருவது எப்போதும் ஆண்டு-மாதம்-நாள்தான். அதில் அதிகபட்சத் தேதியைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் குரோமில் ஆண்டுக்கு 6 இலக்கம் வரை அடிக்க முடியும், 202424 என்று ஓர் ஆண்டு வந்து சேரும். பிறந்த தேதிக்கு மட்டும் நாட்காட்டிப் பெட்டி வேண்டாம் என்போம். 1958-க்குப் போக ஒருவரை மாதம் மாதமாகப் பின்னோக்கி அழுத்தவைப்பது கொடுமை. நாள், பெயரோடு மாதம், 4 இலக்க ஆண்டு என்று மூன்று கட்டம் போதும்.

பிப்ரவரி 30-ஐ டேட்டாபேஸே வாங்காதே, அப்புறம் எதுக்குத் தனியா வாலிடேஷன்?

எல்லா டேட்டாபேஸும் அப்படியில்லை என்பதுதான் சிக்கல். போஸ்ட்கிரெஸ் டேட் ஃபீல்டில் 2023-02-30 கொடுத்தால் எரர். ஆரக்கிள் 01839 என்ற எண்ணுள்ள எரரோடு மறுக்கும். எஸ்க்யூஎல் சர்வரும் மறுக்கும். மைஎஸ்க்யூஎல் மறுப்பது ஸ்ட்ரிக்ட் மோடு (தப்பான மதிப்பை எரரோடு மறுக்கும் அமைப்பு) இருந்தால் மட்டும், 5.7 முதல் அது இயல்பாகவே இயங்கும். அந்த மோடு இல்லையென்றால் 0000-00-00 என்று எழுதிவிட்டு ஒரு வார்னிங்கோடு போய்விடும். பல பழைய அப்ளிகேஷன்கள் இணைப்புத் திறந்த உடனே மோடைக் காலி செய்யும் ஒரு வரியை வைத்திருக்கும். சர்வர் செட்டிங்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காமல், அப்ளிகேஷன் திறக்கும் செஷனில் (அந்த இணைப்பில்) என்ன மோடு இருக்கிறது என்று பாருங்கள். 'செல்லாத தேதியை அனுமதி' என்று தனியாக ஒரு மோடும் இருக்கிறது. அது இருந்தால் மாதம் 1–12, நாள் 1–31 என்ற அளவுக்கு மட்டும் பார்க்கும். பிப்ரவரி 30 அப்படியே குடியேறும்.

தேதியாக மாற்றித் தரும் ஃபங்ஷன்களிலும் ஓட்டை உண்டு. போஸ்ட்கிரெஸின் டு_டேட், 10-க்கு முந்தைய வெர்ஷன்களில் பிப்ரவரி 30-ஐ மார்ச் 2 என்று உருட்டிக் கொடுத்துவிடும்; 10 முதல்தான் எரர். அதே போஸ்ட்கிரெஸ், ஆங்கிலத்தில் 'இன்று', 'நாளை', 'முடிவிலி' என்று பொருள்படும் சொற்களையும் தேதியாக ஏற்கும். வசதிதான். ஆனால் வெளியிலிருந்து வரும் ஃபைலில் அப்படி ஒரு சொல் இருந்தால் அது எரராகாமல் தேதியாகிவிடும். மைஎஸ்க்யூஎல்-இல் இன்னொரு வேடிக்கை: டேட் ஃபீல்டுக்குள் 10:11:12 என்று நேரத்தை அனுப்பினால் அதை 2010-11-12 என்று படித்துக்கொள்ளும். பிரிக்கும் குறி எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

இதெல்லாம் போக, டேட்டாபேஸ் பார்ப்பது அந்த நாள் நாட்காட்டியில் உண்டா என்பதை மட்டும். 2204-03-05 என்று பிறந்த தேதி வந்தால் அது நல்ல தேதிதான். ஆள்தான் இன்னும் பிறக்கவில்லை.

எஸ்க்யூலைட்ல ஃபீல்டை டேட்னு சொல்லியிருக்கேன், ஆனா 'நாளைக்கு'-ன்னு கொடுத்தாலும் வாங்கிக்குதே?

எஸ்க்யூலைட்டில் டேட் என்று ஒரு வகையே கிடையாது. நீங்கள் எழுதிய சொல்லை அது 'எண்ணாக மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள்' என்ற சாடையாக மட்டும் எடுத்துக்கொள்ளும். 3.37-இல் வந்த ஸ்ட்ரிக்ட் டேபிள்களும் இதைத் தீர்க்கவில்லை. அங்கே டேட் என்று எழுதினால் டேபிளே உருவாகாது. டெக்ஸ்ட் என்று வைத்து, செக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒவ்வொரு வரியும் பொருந்த வேண்டிய நிபந்தனை) போடுவதே வழி.

அந்த கன்ஸ்ட்ரெயின்ட்டை எழுதும் விதம் முக்கியம். உள்ளே வந்த மதிப்பை டேட் ஃபங்ஷனுக்குக் கொடுத்து, கூடவே '+0 நாள்' என்பதற்குரிய மாடிஃபையரையும் (தேதியைக் கூட்டிக் குறைக்கும் கூடுதல் சொல்) சேர்த்து, கிடைப்பது அசலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாடிஃபையர் இருந்தால் எல்லா வெர்ஷனும் 2023-02-30 என்பதை 2023-03-02 என்று உருட்டும். அசலோடு பொருந்தாது, மாட்டிக்கொள்ளும். மாடிஃபையர் இல்லாமல் கூப்பிட்டால் பழைய வெர்ஷன்கள் 2023-02-30 என்றே திருப்பிக் கொடுத்து ஏமாற்றிவிடும்.

ஒப்பிடும் குறியையும் கவனியுங்கள். 'நாளைக்கு' என்ற சொல்லுக்கு டேட் ஃபங்ஷன் தருவது நல், அதாவது மதிப்பே இல்லாத நிலை. சமக்குறி போட்டு ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டின் விடையும் நல். செக் கன்ஸ்ட்ரெயின்ட் 'பொய்' என்று வந்தால்தான் மறுக்கும், நல் வந்தால் விட்டுவிடும். எனவே சமக்குறிக்குப் பதில் 'இஸ்' ஆபரேட்டரைப் போடுங்கள். இந்த ஒரு எழுத்துப் பிழையால் ஒன்றையுமே தடுக்காத கன்ஸ்ட்ரெயின்ட்கள் நிறைய புழக்கத்தில் இருக்கின்றன.

மைஎஸ்க்யூஎல் டேபிள்ல 0000-00-00 நிறைய இருக்கு. இப்போ எந்த ஆல்டரும் (டேபிளை மாத்தற கட்டளை) ஓட மாட்டேங்குது. எப்படிச் சுத்தம் செய்யறது?

ஸ்ட்ரிக்ட் மோடு வந்த பிறகு, டேபிளைத் திரும்ப எழுதும் எந்த வேலையும் அந்தப் பூச்சியத் தேதிகளில் மோதி நின்றுவிடும். முதலில் பேக்கப். பிறகு உங்கள் செஷனில் மட்டும், பூச்சியத் தேதிகளைத் தடுக்கும் இரண்டு மோடுகளையும் நீக்குங்கள்: ஒன்று முழுப் பூச்சியத்துக்கு, மற்றது மாதமோ நாளோ மட்டும் பூச்சியமாக இருப்பதற்கு. ஃபீல்டு நல் ஏற்காததாக இருந்தால் அதை ஏற்கும்படி மாற்றி, பூச்சியத் தேதிகளை நல் ஆக்குங்கள். 2019-00-00, 2019-07-00 போன்றவையும் இருக்கக்கூடும். மாதம் 0 அல்லது நாள் 0 என்று தனியாகத் தேடுங்கள். அவற்றைக் கண்ணை மூடி அழிக்காதீர்கள், ஆண்டு மட்டும் தெரிந்த உண்மையான தகவலாக இருக்கலாம் ('தெரியாத தேதி' பற்றிய கேள்வியைப் பார்க்கவும்). ஃபீல்டின் இயல்பு மதிப்பே 0000-00-00 என்று வைக்கப்பட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளையே மறுபடி முளைக்கும். கடைசியில் மோடுகளைத் திரும்பப் போடுங்கள்.

சரிபார்க்கும்போது ஒன்று: நல் ஏற்காத டேட் ஃபீல்டில் 'நல் ஆக இருப்பவை' என்று தேடினால் மைஎஸ்க்யூஎல் 0000-00-00 வரிகளைக் கொண்டுவந்து கொட்டும். அது பிழையில்லை, பழைய ஓடிபிசி நிரல்களுக்காக வேண்டுமென்றே வைத்தது. எண்ணிக்கை இடிக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு நல்ல ரெஜெக்ஸ் போட்டா போதாதா?

ரெஜெக்ஸ் என்பது எழுத்துகளின் அமைப்பை ஒப்பிடும் விதி. வடிவத்தைப் பார்க்க அது போதும்: 4 இலக்கம், கோடு, 2 இலக்கம், கோடு, 2 இலக்கம். அதற்கு மேல் ரெஜெக்ஸை இழுக்காதீர்கள். 4-ஆல் வகுபட்டால் லீப், 100-ஆல் வகுபட்டால் இல்லை, 400-ஆல் வகுபட்டால் மறுபடி லீப் என்ற விதியை (1900 இல்லை, 2000 உண்டு, 2100 இல்லை) ரெஜெக்ஸில் எழுத முடியும். எழுதியவர் உட்பட யாரும் அதைப் பிறகு படிக்க முடியாது.

நாள் உண்மையில் உண்டா என்பதை மொழியின் தேதி வசதியிடம் விடுங்கள், ஆனால் அதன் தாராள குணம் தெரிந்து விடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2023, பிப்ரவரி, 30 என்று தனித்தனி எண்களாகக் கொடுத்தால் மார்ச் 2 கிடைக்கும். பிஹெச்பி-யின் ஃபார்மேட் வைத்துப் படிக்கும் வசதியும் இப்படியே உருட்டும். செக்டேட் ஃபங்ஷன் உருட்டாது. பைத்தானின் ஸ்ட்ரிப்டைம் கறாரானது, எரர்தான். எந்த மொழியானாலும் நம்பகமான சோதனை ஒன்றுதான்: படித்த தேதியைத் திரும்ப ஸ்ட்ரிங்காக்கி அசலோடு ஒப்பிடுவது.

ஜாவாவில் இரண்டு பொறிகள். பேட்டர்ன் கொடுத்துச் செய்யும் ஃபார்மேட்டரின் இயல்பு நிலை 'ஸ்மார்ட்'. அது பிப்ரவரி 30-ஐ பிப்ரவரி 28 ஆக்கிவிடும். 'ஸ்ட்ரிக்ட்' என்று மாற்றுங்கள்; மாற்றும்போது ஆண்டுக்கு ஒய் எழுத்துக்குப் பதில் யூ எழுத்தைப் போட வேண்டும், இல்லையென்றால் எந்த சகாப்தம் என்று தெரியாமல் நல்ல தேதியையும் மறுக்கும். இரண்டாவது, ஆண்டுக்குப் பெரிய எழுத்து ஒய். அது வாரக் கணக்கு ஆண்டு. 2024 டிசம்பர் 30, அடுத்த ஆண்டின் முதல் வாரத்தில் விழுவதால் 2025-12-30 என்று அச்சாகும். வருடம் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் கழுத்தறுக்கும் பிழை இது.

ஆண்டை ரெண்டு இலக்கமா வாங்கலாமா? 55-ன்னா 1955-ன்னு புரியாதா?

யாருக்குப் புரியும் என்பதைப் பொறுத்தது. 55 என்று கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் 2055 என்கிறது (70–99 போன நூற்றாண்டு, 00–69 இந்த நூற்றாண்டு). போஸ்ட்கிரெஸும் பைத்தானும் 2055 என்றே சொல்லும். பைத்தானின் எல்லைக்கோடு மட்டும் 69-இல். ஆரக்கிள், இரட்டை ஆர் ஃபார்மேட்டில் 1955. எஸ்க்யூஎல் சர்வரின் இயல்பு எல்லை 2049, ஆகவே 1955. ஓய்வூதியக்காரரின் பிறந்த தேதி ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நூறு வருடம் தாவிவிடும்.

ஆரக்கிளில் இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஃபார்மேட்டில் ஆண்டுக்கு 4 இலக்கம் என்று சொல்லிவிட்டு 05-03-24 என்று கொடுத்தால் எரர் வராது, கிபி 24-ஆம் ஆண்டு கிடைக்கும். திரையில் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டினால் கண்ணுக்கும் தெரியாது. ஃபார்மேட்டின் முன்னால் எஃப்எக்ஸ் என்ற சொல்லைச் சேருங்கள். இலக்க எண்ணிக்கை சரியாக இல்லையென்றால் அப்போது மறுத்துவிடும். பொதுவாக எங்கள் பதில்: இரண்டு இலக்க ஆண்டை வாங்காதீர்கள்.

'இன்றைக்குப் பிந்தைய தேதி கூடாது'-ன்னு செக் கன்ஸ்ட்ரெயின்ட் போட முடியலையே?

மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் இரண்டும் 'இன்று' தரும் ஃபங்ஷனை செக் கன்ஸ்ட்ரெயின்ட்டுக்குள் அனுமதிப்பதில்லை. ஒரு வரி என்றைக்குப் பார்த்தாலும் விதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். 'இன்று' தினமும் மாறுகிறது. அங்கே ட்ரிக்கர்தான் (வரி சேரும்போதோ மாறும்போதோ தானாக ஓடும் நிரல்) வழி. போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூஎல் சர்வரும் அனுமதிக்கும். அனுமதிப்பதாலேயே அது சரி என்று ஆகாது.

இங்கே ஒரு நுணுக்கம். 'பிறந்த தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது' என்பது ஒருநாள் உண்மையானால் என்றும் உண்மை. பேக்கப்பை அடுத்த வருடம் ரெஸ்டோர் செய்தாலும் இடிக்காது. 'முன்பதிவுத் தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்' என்பது நேர்மாறு. இன்று நுழைந்த வரி அடுத்த மாதம் விதியை மீறியதாகிவிடும். ரெஸ்டோர் பாதியில் நிற்கும், ஒருவரின் போன் நம்பரை மட்டும் திருத்தினாலும் போஸ்ட்கிரெஸில் அந்த வரி மறுக்கப்படும். இந்த இரண்டாவது வகையை ட்ரிக்கரில், புதிய வரி சேரும்போது மட்டும் பார்க்கும்படி எழுதுங்கள், அல்லது அப்ளிகேஷனில் வையுங்கள். 1900-01-01-க்கு முன் கூடாது என்பது போன்ற நிலையான எல்லைகளுக்கு செக் கன்ஸ்ட்ரெயின்ட்டே நல்லது, எல்லா இடத்திலும் ஓடும்.

மைஎஸ்க்யூஎல் 8.0.16-க்கு முந்தையதாக இருந்தால், செக் என்று எழுதியதை அது படித்துவிட்டு ஓசையின்றித் தூக்கி எறிந்துவிடும். கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கிறது என்று ஸ்கிரிப்டைப் பார்த்து நம்பாதீர்கள். ஒரு தப்பான தேதியைப் போட்டுப் பாருங்கள்.

தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ரெண்டையும் எப்படிச் சரிபார்க்கிறது?

'முடிவு தொடக்கத்துக்கு முன்னால் இருக்கக் கூடாது' என்ற செக் போதும். முடிவு நல் என்றால் விதி தானாகவே விட்டுவிடும், காரணம் எஸ்க்யூலைட் பதிலில் சொன்னதுதான். 'இன்னும் முடியவில்லை' என்பதற்கு நல் வைப்பதானால் அது உங்களுக்குச் சாதகம். தொடக்கமும் நல் ஆக முடிந்தால் ஓட்டை, அதைக் கட்டாயமாக்கிவிடுங்கள்.

ஒரே அறைக்கு இரண்டு முன்பதிவு மேலே விழக் கூடாது என்பது வேறு பிரச்சினை. அப்ளிகேஷனில் 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று பார்த்துவிட்டுச் சேர்த்தால், ஒரே நொடியில் வரும் இருவரும் 'இல்லை' என்ற பதிலைப் பெற்று இருவருமே சேர்ந்துவிடுவார்கள். போஸ்ட்கிரெஸில் தேதி வரம்பு வகையும் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்டும் (ஒன்றன்மேல் ஒன்று விழும் வரிகளைத் தடுக்கும் விதி) இதற்கென்றே இருக்கின்றன. அறை எண்ணையும் அதே கன்ஸ்ட்ரெயின்ட்டில் சேர்க்க பிட்ரீ_ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷன் வேண்டும். தொடக்க நாள் சேர்த்தி, முடிவு நாள் சேர்த்தியில்லை என்று வைத்துக்கொண்டால், ஒருவர் காலி செய்யும் நாளிலேயே அடுத்தவர் வரலாம்.

தேதி தெரியலைன்னா 1900-01-01, முடிவு இல்லைன்னா 9999-12-31 போடலாமா?

வேண்டாம். 1900-01-01 போட்ட ஒருவருக்கு 120-க்கு மேல் வயது. சராசரி வயது ரிப்போர்ட்டை அவர் ஒருவரே இழுத்துவிடுவார். 9999-12-31-உடன் ஒரு நாள் கூட்டினால் பல டேட்டாபேஸ்களில் எரர். தெரியாதது தெரியாததாகவே, நல் ஆகவே இருக்கட்டும்.

பாதி தெரிந்த தேதி இன்னும் நுட்பமானது. பிறந்த ஆண்டு மட்டும் அச்சிட்ட ஆதார் அட்டைகள் புழக்கத்தில் உள்ளன. அதை ஃபார்ம் ஏற்காவிட்டால், பதிவு செய்பவர் ஜனவரி 1 போட்டு நகர்ந்துவிடுவார். கட்டாயப்படுத்தினால் டேட்டா வராது, கற்பனைதான் வரும். தேதி ஃபீல்டுக்குப் பக்கத்தில் 'துல்லியம்' என்று ஒரு சிறு ஃபீல்டு வையுங்கள்: முழுத் தேதி, மாதம் வரை, ஆண்டு மட்டும். காட்டும்போதும் கணக்கிடும்போதும் அதைப் பார்த்து நடந்துகொள்ளலாம்.

எக்செல் ஃபைல்ல இருந்து ஏத்தினா பாதித் தேதி சரி, பாதி தப்பு. ஏன்?

கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவாக இருந்திருக்கும். நாள்/மாதம்/ஆண்டு என்றிருந்த சிஎஸ்வி ஃபைலை எக்செல் திறக்கும்போது 05/03/2024 என்பதை மே 3 என்று தேதியாக்கிவிடும். 25/03/2024-இல் 25-ஆம் மாதம் இல்லாததால் அதை டெக்ஸ்டாக விட்டுவிடும். நாள் 12-க்கு மேல் உள்ளவை கட்டத்தில் இடதுபக்கம் ஒட்டியும், தேதியாக மாறியவை வலதுபக்கம் ஒட்டியும் நிற்கும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்து தெரிந்தால் அந்த ஃபைலைத் திருத்த முயலாதீர்கள், எக்செல் தொடாத மூல ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். திறந்து சேவ் செய்த பிறகு எது மாறியது, எது மாறவில்லை என்று பிரிப்பது வீண் வேலை.

45292 போன்ற எண் வந்தால் அது எக்செலின் நாள் எண், 2024-01-01. இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐயும் எக்செல் ஒரு நாளாக எண்ணுகிறது (லோட்டஸ் 1-2-3-இலிருந்து வந்த வழக்கம்). ஆகவே 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதிகளுக்கு 1899-12-30-உடன் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். 1904 முறையில் சேமித்த ஃபைலாக இருந்தால் எல்லாமே 1462 நாள் தள்ளியிருக்கும்.

ஏற்றும் முறை: எல்லா ஃபீல்டும் டெக்ஸ்டாக உள்ள ஸ்டேஜிங் டேபிளில் (தற்காலிக இடைநிலை டேபிள்) முதலில் கொட்டுங்கள். முதல் கேள்வியில் திட்டிய டெக்ஸ்ட் ஃபீல்டுக்கு நியாயமான இடம் இது ஒன்றுதான். பிறகு எரரில் நிற்காத மாற்றும் வசதியால் பிரியுங்கள்: எஸ்க்யூஎல் சர்வரில் ட்ரை_கன்வர்ட் (நாள்/மாதம்/ஆண்டுக்கு 103 என்ற ஸ்டைல் எண்), ஆரக்கிள் 12.2 முதல் வேலிடேட்_கன்வர்ஷன், போஸ்ட்கிரெஸ் 16 முதல் பிஜி_இன்புட்_இஸ்_வேலிட். எஸ்க்யூஎல் சர்வரின் இஸ்டேட்டை நம்ப வேண்டாம், வெறும் '2024' என்பதையும் தேதி என்று சொல்லும். தேறாத வரிகளை வரி எண், மூல மதிப்பு, காரணம் மூன்றோடும் தனி டேபிளில் வைத்துத் தந்தவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

மார்ச் 5-னு சேவ் பண்ணினா டேட்டாபேஸ்ல மார்ச் 4-னு இருக்கு. டேட்டாபேஸ் பக்கா?

பெரும்பாலும் டேட்டாபேஸ் மேல் தப்பில்லை. பிரவுசரில் மார்ச் 5 நள்ளிரவு என்று ஒரு தேதிப் பொருளை உருவாக்கி, அதை ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்காக மாற்றினால் யுடிசி-க்கு (உலகப் பொது நேரம்) போய்விடும். இந்திய, இலங்கை நேரம் யுடிசி-யைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். எனவே கிடைப்பது மார்ச் 4, 18:30. அதில் முதல் 10 எழுத்தை வெட்டி அனுப்பினால் மார்ச் 4. நியூயார்க்கில் உட்கார்ந்து சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது.

பிறந்த தேதி, விடுமுறை, காலாவதித் தேதி இவற்றுக்கு டைம்சோன் கிடையாது. ஆண்டு, மாதம், நாளைத் தனித்தனியாக எடுத்து ஸ்ட்ரிங்காக்குங்கள். யுடிசி பக்கமே போக வேண்டாம். சர்வர் யுடிசி-யில் ஓடினால் 'இன்று' பற்றிய சோதனையும் தவறும்: இந்தியாவில் நள்ளிரவு முதல் காலை 5:30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். அந்த நேரத்தில் இன்றைய தேதியைப் போடுபவருக்கு 'எதிர்காலத் தேதி' என்று எரர் வரும். ட்ரிக்கரில் 'இன்று' என்பதை யூசரின் டைம்சோனுக்கு மாற்றிக் கணக்கிடுங்கள்.

மார்ச் 31 வரைக்கும்னு கேட்டா மார்ச் 31-ஆம் தேதி வரிகள் மட்டும் வரலை.

ஃபீல்டில் நேரமும் இருக்கிறது. வெறும் 2024-03-31 என்றால் அன்று 00:00. அதற்குப் பிந்தைய எல்லாம் விட்டுப்போகும். ஆரக்கிளில் டேட் என்ற பெயர் கொண்ட வகையே நொடி வரை நேரம் வைத்திருக்கும் என்பதால் அங்கே இது அடிக்கடி நடக்கும். 23:59:59.999 என்று இழுத்துப் பிடிக்காதீர்கள்: எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டைம் அதை அடுத்த நாள் 00:00 ஆக்கிவிடும். 'மார்ச் 1 அல்லது பின், ஏப்ரல் 1-க்கு முன்' என்று எழுதினால் எல்லா வகைக்கும் பொருந்தும்.

எஸ்க்யூஎல் சர்வர் டேட்டைம் 1753-க்கு முன்னால ஏன் வாங்க மாட்டேங்குது? மைஎஸ்க்யூஎல் டைம்ஸ்டாம்ப்புக்கும் அப்படி எல்லை உண்டா?

பிரிட்டன் 1752 செப்டம்பரில் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14. அந்தக் கணக்குச் சிக்கலைத் தவிர்க்க 1753 தொடக்கமாயிற்று. டேட், டேட்டைம்2 வகைகள் கிபி 1 முதல் ஏற்கும். மைஎஸ்க்யூஎல் டைம்ஸ்டாம்ப் 1970-இல் தொடங்கி 2038-01-19 03:14:07 யுடிசி-யோடு முடிகிறது. பிறந்த தேதிக்கும் 20 வருடக் கடன் முடியும் தேதிக்கும் அதைப் பயன்படுத்தினால் வாலிடேஷன் என்ற பெயரில் நல்ல தேதிகள் மறுக்கப்படும்.

ஏற்கெனவே உள்ளே போன தேதிகள்ல தப்பு இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தனித்தனி வரியைப் பார்த்தால் தெரியாது, கூட்டமாகப் பாருங்கள். மாதத்தின் நாள் வாரியாக (1 முதல் 31) எண்ணிக்கை எடுங்கள். இயல்பான டேட்டாவில் 13 முதல் 31 வரையுள்ள நாள்கள் மொத்தத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் இருக்கும். ஒரு குறிப்பிட்ட ஃபைலிலிருந்து வந்த வரிகளில் அவை ஒன்றுமே இல்லையென்றால், நாளும் மாதமும் இடம் மாறி, மாற முடியாதவை கைவிடப்பட்டிருக்கின்றன. ஜனவரி 1 மட்டும் தனியாகக் கோபுரம் போல் எழுந்து நின்றால் அது 'தெரியாது' என்பதற்குப் போட்டது. ஆண்டு வாரியாகவும் எண்ணுங்கள். 0024, 2055, 9999 எல்லாம் ஓரத்தில் வந்து நிற்கும்.

பக்கத்து ஃபீல்டும் சாட்சி சொல்லும். சேர்ந்த தேதி பிறந்த தேதிக்கு முன்னால், பில் தேதி அந்த வரி உருவான நேரத்துக்குப் பின்னால் என்று இருக்கும் வரிகளைப் பட்டியலிடுங்கள். பிழை வரிகள் எந்த இம்போர்ட்டில், எந்தத் தேதிக்குப் பிறகு தொடங்குகின்றன என்று பார்த்தால் காரணமான ஸ்கிரிப்ட் பெரும்பாலும் சிக்கும். திருத்தி முடித்ததும் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்கள். போஸ்ட்கிரெஸில் பழைய வரிகளைச் சோதிக்காமல் புதிய வரிகளுக்கு மட்டும் முதலில் போட்டுவிட்டு, பழையவற்றைச் சுத்தம் செய்த பிறகு தனிக் கட்டளையால் முழுதும் சோதிக்கச் சொல்லலாம்; பெரிய டேபிளைப் பகல் நேரத்தில் பூட்டி வைக்க வேண்டியதில்லை.